எட்டு மில்லிமீட்டரும் காணாமல் போன ராணிகளும்

1. ஐந்தாம் நம்பர் பெட்டி

மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு. செங்கோட்டை தாண்டி, மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் ஐந்தாம் நம்பர் தேனீப் பெட்டியைத் திறந்தேன். ராணியைக் காணோம். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மூன்று முறை பார்த்தேன். எளிதில் கண்ணில் படட்டும் என்று எல்லா ராணிகளின் முதுகிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தேன். சிவப்பு எங்கும் இல்லை. புது முட்டையும் இல்லை. பன்னிரண்டு பெட்டிகளில் ராணி காணாமல் போன நான்காவது பெட்டி இது.

பெட்டிகளைச் செய்தவன் நான். அவற்றுக்கு உரியவள் குத்துக்கல்வலசை ஊர்க்காரி சபுரா. வயது முப்பத்தெட்டு. புகையூட்டியோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"இன்னைக்கும் இல்லியா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"போன வாரம் இருந்துச்சுல்லா?"

"இருந்துது. நோட்டுல எழுதிருக்கேன். பத்து மணி பத்து நிமிஷம்."

"நோட்டுல இருக்கு. பெட்டில இல்ல," என்றாள்.

அவள் கணவர் சாகுல் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். தேனீ வளர்ப்பு அவருக்கு விளையாட்டாகத் தெரிந்தது. 'இந்த ஒரு சீசன் பாரு. தேறலன்னா பெட்டியள யாருக்காவது குடுத்துட்டு, வீட்டப் பூட்டிட்டு, கடையநல்லூர்ல உம்மாகூட போய் இரு' என்று சொல்லியிருந்தார். சபுரா இதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். "மாமி நல்லவுகதான். ஆனா அங்கன போனா நான் மருமவ மட்டும்தான்."

ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் ஊறும். அது சுமார் ஆறு வாரம். அதில் இரண்டு வாரம் போய்விட்டது.

2. பெட்டி செய்த விதம்

நான் முப்பத்தொரு வருடம் சர்வேயர். ஓய்வு பெற்றபின் பதினோரு வருடமாகத் தேனீ வளர்க்கிறேன். வீட்டு மாடியிலேயே பெட்டியும் செய்வேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டி இரண்டு அடுக்கு. கீழே புழு அறை. ராணி முட்டையிடுவது அங்கே. மேலே தேன் அறை. இரண்டிலும் மரச் சட்டங்கள் தொங்கும், தேனீ அவற்றில் அடை கட்டும். மேல் சட்டத்தின் அடிக்கும் கீழ்ச் சட்டத்தின் தலைக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தேனீ முதுகு தட்டாமல் நடக்கிற அளவு அது.

போன ஆடியில் செங்கோட்டை மர அறுவை மில்லில் அயினி என்ற காட்டுப்பலாப் பலகை வாங்கினேன். புதிதாக அறுத்தது. சாரல் விடாமல் அடித்த பதினெட்டு நாளில் பன்னிரண்டு பெட்டிகள், நூற்று எண்பது சட்டங்கள், எழுநூற்று இருபது ஆணிகள். ஆணி எண்ணிக்கை எதற்கு என்று மனைவி கேட்டாள். "சும்மா தெரிஞ்சிக்கிடத்தான்" என்றேன். "தெரிஞ்சிக்கிட்டாச்சுல்லா? சோறு ஆறுது" என்றாள்.

தேன் அறையின் உயரம் சரியாக நூறு மில்லிமீட்டர். இடைவெளி எட்டு. பன்னிரண்டையும் ஸ்கேல் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். அதில் பொய்யில்லை. ஆடி மாதத்தில் அது எட்டுதான்.

3. பதினொரு காரணங்கள்

மூன்றாவது ஞாயிறு எட்டாம் நம்பரிலும் ராணி இல்லை. ஐந்து.

இரவில் உட்கார்ந்து காரணங்களை எழுதினேன். பல்லி, குளவி, தேனீயைக் கொத்தும் குருவி, நகப்பூச்சின் நெடி, அயினி மரத்துப் பால், வெயில், தோட்டத்தில் அடித்த மருந்து என்று பதினொன்று வந்தது. ஒன்றுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பல்லி என்றால் உள்ளே எச்சம் கிடக்க வேண்டும். மருந்து என்றால் வேலைக்காரத் தேனீக்களும் சாக வேண்டும். நகப்பூச்சு என்றால் எல்லா ராணிக்கும் ஒரே புட்டிதான், பாதிக்கு மேல் உயிரோடு இருக்கின்றன. இதையெல்லாம்விட என்னைக் குழப்பியது, போன வருடம் சபுரா கடையில் வாங்கிய இரண்டு பழைய பெட்டிகள். அதே மரத்தடி, அதே வெயில். அவற்றிலும் நகப்பூச்சுப் பொட்டுதான். ராணிகள் சுகமாக இருந்தன.

என் பெட்டியில் பழுதோ என்று ஒரு நாள் முழுக்க அளந்தேன். நீளம் சரி, அகலம் சரி, வாசல் சரி. உயரத்துக்கு வந்தபோது ஸ்கேலை வைக்கவில்லை. நோட்டைப் புரட்டினேன். நூறு என்று இருந்தது. டிக் அடித்துவிட்டேன். களத்தில் எழுதிய புத்தகத்தைச் சந்தேகப்படக் கூடாது என்பது என் உத்தியோகம் சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு அது கெடுத்தது.

சாகுல் போனில் வந்தார். சபுரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன அண்ணாச்சி, ராணியளுக்கு யாரும் விசா குடுத்துட்டாவளா? ஒண்ணொண்ணா கெளம்புது?"

"தெரியலப்பா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நீங்க எண்ணி எண்ணி அதுவளுக்குக் கண்ணு பட்டுட்டு போல."

சிரித்தார். சபுரா சிரிக்கவில்லை. போனை வைத்ததும், "ரெண்டு வாரம் பாப்பாவளாம். அப்புறம் மாமி வீட்டுல ரூம்பு ஒதுக்கச் சொல்லப் போறாவளாம்," என்றாள்.

4. கவிழ்த்த பெட்டி

மறுநாள் காலையே போனோம். முதலில் எட்டாம் நம்பர். தேன் அறையைத் தூக்கினேன், வரவில்லை. பலமாகத் தூக்கினால் கீழ்ச் சட்டம் இரண்டு மெழுகில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. வழக்கம்போல அவற்றைப் பிரித்துத் தட்டிவிட்டு, தேன் அறையை ஓரமாகத் தரையில் வைக்கப் போனேன்.

"நில்லுங்க அண்ணாச்சி. இத கவுத்துப் பாப்போம்," என்றாள் சபுரா.

ஏழு வாரமாக நான் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அடியைப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் தேன் அறையைக் கவிழ்த்தாள். சட்டங்களின் அடிக்கட்டை நெடுகத் தேனீக்கள் நசுங்கி ஒட்டியிருந்தன. இருபத்து மூன்று எண்ணினேன்.

"அப்பளமா ஆக்கிருக்கீயளே," என்றாள். பிறகு குனிந்தாள். விரலால் ஓரிடத்தைத் தொட்டாள். மற்றவற்றைவிட நீளமான உடம்பு. முதுகில் சிவப்பு.

ராணிகளை எண்ணுவதற்காகத்தான் ஞாயிறுதோறும் பெட்டிகளைத் திறந்தேன். புகை போட்டதும் ராணி சில சமயம் மேலே ஏறி, சட்டத்தின் தலையில் ஓடும். எண்ணி முடித்துத் தேன் அறையைத் திரும்ப இறக்கினேன். எட்டு மில்லிமீட்டர் இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மூன்று. வேறு பெட்டியில் வைத்தேன். அங்கும் மூன்று.

"ஆடில எட்டு இருந்துதே," என்றேன். ஐந்து மில்லிமீட்டர் எங்கே போனது என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"ஆடில வெட்டினா அப்படித்தான். எங்க வாப்பா மேலப்பாளையத்துல தறி போட்டிருந்தாவ. பச்சை மரத்துல ஒரு ஆப்பு செதுக்க மாட்டாவ. தைக்குள்ள கழண்டு விழும்பாவ."

"பொறவு சட்டம் மட்டும் ஏன் குறுகல?"

"சட்டத்துல கட்டை நிமிந்துல்லா நிக்கி? பெட்டிச் சுவர்ல பலகை படுத்துல்லா கெடக்கு. மரம் அகலத்துலதான் குறுகும், நீளத்துல குறுகாது. சுவர் குட்டையானா தொங்குற சட்டம் கீழ எறங்கிரும்லா? இது தெரியாமயா முப்பது வருஷம் அளந்தீய?"

முப்பத்தொன்று என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். வெயிலில் சர்வே சங்கிலி நீளும் என்று திருத்தக் கணக்குப் போட்டவன் நான். பலகைக்குப் போடவில்லை.

அன்று மாலை தென்காசியில் பிளைவுட் வாங்கி ஐந்து மில்லிமீட்டர் பட்டைகளாக அறுத்தேன். மறுநாள் பன்னிரண்டு தேன் அறைகளுக்கும் அடியில் நாலு பக்கமும் பட்டை வைத்து அடித்தோம். ராணி போன ஐந்தில் மூன்று பெட்டிகள் தாமாகப் புது ராணி வளர்த்துக்கொண்டன. இரண்டு அழிந்தன. மற்ற ஏழில் பங்குனி கடைசிக்குள் தேன் நிறைந்தது.

5. சாகுலிடம் சொன்னது

சபுரா அவரிடம், "அளவுல ஒரு சின்னப் பெசகு, சரி பண்ணியாச்சு," என்று முடித்துவிடப் பார்த்தாள். நான் போனை வாங்கினேன்.

"பெசகு என்னோடதுப்பா. ராணி எங்கயும் போவல. நான்தான் நசுக்கிட்டேன். அஞ்சும் என் கணக்குதான். உன் பொண்டாட்டி கண்டுபிடிக்கலன்னா பன்னெண்டும் போயிருக்கும்."



"அவளா கண்டுபிடிச்சா?"

"அவதான்."

"அப்ப உம்மாட்ட ரூம்ப வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிருதேன்," என்றார்.

சபுரா போனை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டாள். நான் பட்டைக்கு அடித்த ஆணிகளை எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அடுத்த சீசனுக்கு அவளுக்கு எட்டுப் பெட்டிகள் செய்கிறேன். பலகையைப் பங்குனியிலேயே வாங்கி நிழலில் அடுக்கிவிட்டேன். மாதம் ஒருமுறை ஒரு பலகையை அளக்கிறேன். வைகாசியில் தொண்ணூற்றெட்டு, இந்த ஆடிச் சாரலில் நூறு. இதில் எது சரியான அளவு என்று சபுராவிடம் கேட்டேன். "பெட்டி எந்த மாசம் வேல செய்யுதோ அந்த மாசத்து அளவு," என்றாள். அந்த மாசம் இன்னும் வரவில்லையே, எதை வைத்து அறுப்பது? இன்னமும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் உயரம் கூட்டி வெட்டி, தையில் இழைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று, அளவு எழுதினால் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள். பெட்டியைக் கொண்டுபோய் வைக்கிற அன்றைக்கு மறுபடி ஸ்கேல் வையுங்கள். இரண்டாவது, சபுரா என்னிடம் கேட்டது: "வாராவாரம் எண்ணுனீயளே அண்ணாச்சி, அந்தக் கணக்க வச்சு என்ன செஞ்சீய?" நோட்டை முழுக்கப் புரட்டினேன். ஒன்றும் செய்யவில்லை. எண்ணி, எழுதி, மூடியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. பட்டை அடிக்கும் முன் ஒன்பதாம் நம்பர் பெட்டியிலும் இடைவெளி மூன்றாகத்தான் இருந்தது. அதையும் ஏழு ஞாயிறும் திறந்து மூடினேன். ராணி தப்பிய மற்ற ஆறு பெட்டிகளிலும் வேலைக்காரத் தேனீக்களாவது நசுங்கியிருந்தன, இதில் ஒரு தேனீகூட நசுங்கவில்லை. உள்ளே ஏதாவது வித்தியாசம் இருக்க வேண்டும், திறந்து பார்த்தால் தெரியலாம். நேற்று அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். திறக்கவில்லை.