காருக்கு வாங்கிய ஆயில்

அந்தத் தெருக்களில் அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது வேலை. வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் கடுகடுப்பதற்குள் போய்ச் சேரவேண்டும். அதற்காகவே அடம்பிடித்து வாங்கிய கியர் பைக் அது.

அன்று வண்டியைக் கிளப்பினாள். சத்தம் பஞ்சு மாதிரி இருந்தது. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் சிரித்தார்.

"நேத்து நான்தான் ஆயில் மாத்தினேன். முதலாளி காருக்கு வாங்கினதுல மிச்சம். இருக்கறதுலயே ஒசத்தி."

கார் ஓட்டுவதே அவர் பிழைப்பு. மனைவியின் பைக்கை அவர் துடைத்துக்கூடக் கொடுத்ததில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் சில வீடுகள் வரை ஒரு குறையும் இல்லை. ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போதுதான் வண்டி முக்கியது. முறுக்கினாள். எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. மிச்சமிருந்த வேகத்தில் உருண்டு தண்டவாளத்தின்மேல் போய் நின்றது. கியரை மாற்றி மாற்றிப் போட்டாள். வெறும் அலறல்தான். மணி அடித்தது. தலைக்குப் பின்னால் கேட் இறங்கிக்கொண்டிருந்தது.

கேட்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார். எதிர்க் கேட்டின் கம்பிக்கு அடியில் வண்டியைச் சாய்த்து இழுத்துக்கொண்டு இருவரும் அந்தப் பக்கம் விழுந்தார்கள். ரயில் கடந்தபோது அடித்த காற்றில், வண்டியின் பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டியின் மூடி படபடத்தது.

"பெட்டில என்னம்மா?"

"ரத்தம்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியை நிமிர்த்திக் கொடுத்தார்.

பக்கத்துப் பட்டறை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். கார் ஆயில் ஊற்றியதையும் நடந்ததையும் கேட்ட மெக்கானிக் ஆயிலை வடித்துவிட்டு, கிளட்ச்சைக் கழற்றினான். தட்டுகள் கருகியிருந்தன.

"கார்ல ஆயில் கிளட்ச்சத் தொடாதுக்கா. பைக்ல கிளட்ச் ஆயில்லயே முழுகிக் கெடக்கும். நீங்க ஊத்துனது வழுக்கறதுக்குன்னே செஞ்ச ஆயில். தட்டுங்க ஒண்ணையொண்ணு பிடிச்சாத்தானே சக்கரம் சுத்தும்? பைக்குக்குன்னா டப்பால எம்.ஏ.னு போட்டிருக்கும், அதான் ஊத்தணும்."

போன் போட்டதும் கணவர் காரோடு வந்துவிட்டார். திட்டுவதற்கு வழி நெடுகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. வண்டி எங்கே நின்றது என்று மட்டும் சொன்னாள். அவர் அப்படியே டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒசத்தின்னு நெனச்சுத்தான்..." என்று இழுத்தார். பிறகு, "ரயில் எவ்வளவு கிட்ட வந்துச்சு?" என்றார்.

"அதை மட்டும் கேக்காதீங்க."

மெக்கானிக் புது டப்பாவை அவர் கையில் கொடுத்தான். அதிலிருந்த எம்.ஏ. என்ற எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவள் ஐஸ் பெட்டியைக் கழற்றிக் காரில் வைத்தாள்.

வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மிச்சமிருந்த வீட்டுக்குக் காரிலேயே போனார்கள். பசியோடு காத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். நரம்பு பளிச்சென்று தெரிந்தது. ஊசி பிடித்த விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதே இல்லை.

"என்னம்மா, உடம்பு முடியலயா?"

"கொஞ்சம் தண்ணி தாங்க சார்."

குடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. "நீ நாளைக்கு வா, நான் இப்பச் சாப்பிட்டுக்கறேன்" என்றார் வாத்தியார்.

வெளியே வந்தாள். கார் எஞ்சின் அணைந்திருந்தது. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கணவர் உட்கார்ந்திருந்தார்.