நகராத வண்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

அந்த நீராவி இன்ஜினை நான் முதன்முதலில் பார்த்தபோது அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாய்லரை ஒருவரும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே எந்தக் குழாய் ஓட்டை, தண்ணீர் விட்டால் நிற்குமா, எதுவும் தெரியாது. வெளியே மட்டும் சக்கரத்துக்குச் சிவப்பு, ஓரத்துக்கு மஞ்சள் என்று அலங்காரம் நடந்தது. பிணத்துக்குப் பவுடர் பூசுகிறார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

சவூதியில் பாய்லர் வெல்டராகப் பாதி ஆயுளைத் தொலைத்தவன் நான். லீவில் விருந்தாளி மாதிரி ஊருக்கு வருவேன். என் பிள்ளைகள் என்னோடு பேசுவதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். கடைசியாக வந்திருந்தபோதுதான் விருத்தாசலத்திலிருந்து சுற்றுலா ரயில் விடப்போகிறார்கள், பழைய இன்ஜினைச் சரிசெய்ய பாய்லர் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்ஜின் ஓடினால் அதைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நிரந்தர வேலை. ஓடாவிட்டால் மறுபடியும் விமானம்.

மனைவியிடம் சொன்னேன். "மொதல்ல அது ஓடட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். ஆனால் அன்று மத்தியானமே என் பெட்டியைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

கான்டிராக்ட் எடுத்தவர் ஊரில் செராமிக் யூனிட் வைத்திருப்பவர். கப், சாசர், பொம்மை எல்லாம் சுடுவார். எல்லோருக்கும் அவர் முதலாளி. இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனபோது கண்ணில் கரித்தூள் விழுந்த கதைதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கரித்தூள் கொஞ்சம் பெரிதாகும். இன்ஜினின் பித்தளை விசிலைக் கழற்றி, பாலிஷ் போட்டு, ஆபீஸ் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். பிரஷர் மீட்டர் அவர் வீட்டு ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

"மீட்டர் இல்லாம பாய்லர்ல எப்பிடி வேல செய்யறது?" என்று கேட்டேன்.

"எல்லாம் பத்திரமா இருக்குது பாய். கடைசியில மாட்டிக்கலாம்."

இப்படி ஒரு மனிதரை எந்த தேசத்திலும் நான் பார்த்ததில்லை. சண்டை போட்டுத்தான் மீட்டரை வாங்கி வந்தேன். பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றியதும் புதுப் பச்சைக்கு அடியிலிருந்து துருத்தண்ணீர் கோடுகோடாக வழிந்தது. முதலாளி முகம் வாடிவிட்டது. பாய்லர் போச்சே என்று இல்லை, பெயிண்ட் போச்சே என்று.

பழைய குழாய்களைப் பிடுங்கிப் புதுக் குழாய் சொருகினோம். சுரண்டவேண்டியதைச் சுரண்டி, வைக்கவேண்டிய இடத்தில் வெல்டு வைத்தேன். அடுத்த சோதனையில் ஒரு சொட்டு கசியவில்லை. இதை அடக்கமாகச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கில்லை. பாய்லர் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வீட்டில் அன்று பிரியாணி. பிள்ளைகள் முதல்தடவையாக என் தட்டிலிருந்து கறியைத் திருடின.

மிச்சம் இருந்தது நெருப்புப் பெட்டி. அதற்குள் செங்கல்லால் ஒரு வளைவு கட்டவேண்டும். ஜுவாலை நேராகப் போய்க் குழாய்களில் மோதாமல் தடுப்பது அதுதான். கல்லை முதலாளி தன் சூளையிலேயே சுட்டுக் கொடுத்தார். அருமையான கல், குறை சொல்லமாட்டேன். ஆனால் கட்டின பூச்சு காயவேண்டும். அதற்கப்புறம் சின்ன நெருப்பாகப் போட்டு மெல்ல மெல்லச் சூடேற்றவேண்டும். விருத்தாசலத்துக்காரனுக்கு இதை யாரும் பாடம் எடுக்கவேண்டாம். ஈரம் காயாத பொம்மைகளைச் சூளையில் அடுக்கிவிட்டான் என்று ஒரு தொழிலாளியைத் தெருவில் நிறுத்தி இதே முதலாளி திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். அத்தனையும் உள்ளங்கை அளவுப் பிள்ளையார் பொம்மைகள்.

தொடக்க விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் தேதி கொடுத்தார். நாங்கள் வளைவைக் கட்டி முடித்ததே அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான்.

"ஈரம் காயல மொதலாளி. நாளைக்கு எரிச்சா கல்லு வெடிக்கும். தேதிய தள்ளுங்க" என்றேன்.

"நாளைய உட்டா அஷ்டமி, அப்புறம் நவமி. அவரு தேதியும் கெடைக்காது பாய்."

"ஒங்க சூளையில ஈரத்தோட எரிப்பீங்களா?"

"அது வியாபாரம் பாய். இது விழாதானே."

நல்ல நேரம் பார்ப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, என் சொந்தத்திலும் நாள் பார்க்கிறவர்கள் உண்டு. காய்வதற்கும் ஒரு நேரம் உண்டு, அதைக் காலண்டரில் போடுவதில்லை, அவ்வளவுதான். நான் தீ வைக்கமாட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். என்னை யார் கேட்டார்கள்?

மறுநாள் சூளைக்குச் செய்கிற பூஜையை அப்படியே இன்ஜினுக்குச் செய்தார்கள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். போட்டோவில் புகை கறுப்பாக விழவேண்டும் என்று டீசலில் நனைத்த துணிமூட்டையை நெருப்புப் பெட்டி நிறையத் திணித்திருந்தார்கள். பெரிய மனிதர் கற்பூரத்தைக் காட்டினார். புகை குபுகுபுவென்று கிளம்பியது. செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பட்பட்டென்று சத்தம். ஈரக் கல் வெடிக்கிறது. கூட்டம் பட்டாசு என்று நினைத்துக் கைதட்டியது. முதலாளியும் தட்டினார். சூளைச் சத்தம் கேட்டே வளர்ந்த மனிதருக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் தட்டினார். வளைவு சரிந்தது. ஜுவாலை நேராகப் போய், இன்னும் சூடேறாத குழாய்களின்மேல் அடித்தது. உள்ளேயிருந்து தண்ணீர் பீச்சி நெருப்பை அணைத்தது. இன்ஜின் ஓர் அடிகூட நகரவில்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே இருந்தன. டீக்கடைக்காரர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டுபோய் ஜூஸ் போட்டார். அன்று அங்கே உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

குழாய்கள் சேருகிற தகட்டில் விரிசல் ஓடியிருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, இந்த பாய்லர் இனி நெருப்பைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் வெல்டு வைத்த இடமெல்லாம் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் முதலாளிக்கு ஆறுதல் சொல்ல வாய்ப்புக் கிடைத்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

முதலாளிக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இன்ஜினைக் காட்சிக்கு வைத்துவிடலாம் என்றார். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் மேடை கட்டி, துண்டுத் தண்டவாளம் போட்டு, மறுபடியும் பச்சை அடித்து நிறுத்தினார்கள். புகைபோக்கிக்குள் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு விடுகிற புகை மிஷின். விசில் சத்தத்துக்கு ஸ்பீக்கர். நிஜ விசில் இன்னும் ஆபீஸ் மேஜையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலைக்குக் கூப்பிட்டார். "சக்கரத்த தண்டவாளத்தோட சேத்து வெல்டு வெச்சுடு பாய். நவுந்துடக் கூடாது."

ஓடவைக்கக் கூப்பிட்ட கையால் ஒட்டவைத்துவிட்டு வந்தேன். அரைகுறையாக வேலை செய்ய எனக்கு வராது. அந்த வெல்டு நூறு வருஷம் நிற்கும். வீட்டுக்கு வந்தபோது பெட்டி பரணிலிருந்து இறங்கியிருந்தது.

சவூதிக்குக் கிளம்பிய அன்று மனைவியும் பிள்ளைகளும் ஸ்டேஷன்வரை வந்தார்கள். பிள்ளைகள் இன்ஜினுக்கு முன்னால் போட்டோ எடுக்கவேண்டும் என்றன. ஸ்பீக்கர் கூவியது. மனைவி குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"இது நீங்க வெச்ச வெல்டா?"

"ஆமா."

"நல்லாதான் இருக்குது" என்றாள். "இதையாச்சும் ஊர உட்டு எங்கியும் போவாத மாதிரி பண்ணிட்டீங்க."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். எப்போதும் தாமதமாக வருகிற சென்னை வண்டி அன்றைக்குப் பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்தது.