கப்பல் குடும்பத்தை விசாரித்தோம்

என் மகனுக்கு வேலை கொடுத்த பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி, கடைசியாக ஒரு பயணிக் கப்பலைக் கடலில் பறிகொடுத்து அறுபது வருஷமாகியிருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் இதை நல்ல செய்தி என்றார்கள். எனக்கு மட்டும், இத்தனை நாள் ஒன்றும் ஆகாததால் இனி எப்போது வேண்டுமானாலும் ஆகும் என்றுதான் பட்டது. 2005-இல் மரக்காணத்தில் இப்படி யோசித்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவில் பாதிப் பேர் தண்ணீர் லாரி வரும் சத்தத்துக்கே, மறுபடி சுனாமியோ என்று, வாசலில் வந்து நின்றார்கள்.

மகன் புதுச்சேரியில் கேட்டரிங் படித்தவன். வேலை என்னவென்றால், கப்பல் அடுப்படியில் பாத்திரம் தேய்த்து உருளைக்கிழங்கு தோல் சீவுவது. ஆர்டரில் அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. ஆவணி முதல் வாரம் சென்னை ஏஜென்ட் ஆபீசுக்குப் பாஸ்போர்ட்டோடு போய் மெடிக்கல் முடிக்க வேண்டும்.

ஆர்டர் வந்த அன்றே பாஸ்போர்ட்டை எடுத்து, பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவியைத் தாலிச் சரட்டில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டேன்.

"ஆடி மாசம். எதுவும் பேசக்கூடாது" என்றேன்.

"கம்பெனிக்கு ஆடி தெரியாதும்மா" என்றான் மகன்.

"தெரியாத கம்பெனிக்கு எதுக்குப் போகணும்?"

அவன் சண்டை போடவில்லை. பாஸ்போர்ட் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பொருளைக் காணவில்லை என்றால் அது அந்தப் புடவைக்கு அடியில் இருக்கும் என்பது அவனுக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும்.

கணவருக்கு உப்பளத்தில் குத்தகைப் பாத்திகள். டிசம்பரில் கடல் வந்து பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. நாள் முழுக்க வரப்பு கட்டிவிட்டு வருவார். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அவ்ளோ தூரம் உள்ள இருக்கற பாத்திக்கே கடல் வந்துச்சு. வீட்ல உக்காந்திருந்தா மட்டும் வராதா?" நான் சாம்பாரில் உப்பு குறைவு என்று பேச்சை மாற்றினேன். உப்பளக்காரர் வீட்டில் அதுவும் எடுபடவில்லை.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் பெரிய முதலியார்சாவடி. எங்கள் உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற பொறுப்பு அவளுடையது. முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் ஒரு டீ, ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம், குழாயடியில் கொஞ்சம் பேச்சு. திரும்பி வரும்போது யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வலிப்பு, எந்தச் சித்தப்பா கிணற்றில் விழுந்தார் என்பது வரை கையில் இருக்கும். அவள் விசாரித்து நின்றுபோன கல்யாணங்கள், நடந்த கல்யாணங்களைவிட நன்றாக இருந்ததாக ஊரில் பேச்சு.

"அண்ணி, பொண்ணு குடுக்கறதுன்னா மூணு தலைமுறை விசாரிக்கறோம். புள்ளையவே தூக்கிக் குடுக்கறோம், கப்பலை விசாரிக்க வேணாமா?" என்றாள்.

மரக்காணத்து மனுஷிக்கு இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. நான் சமூக அறிவியல் ஆசிரியை. இருபது வருஷமாக, வெள்ளைக்காரன் கப்பலில் வந்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்தக் கப்பல் பிறகு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண் தேடிக்கொடுத்தாள். கம்பெனியின் கப்பல்கள் எல்லாவற்றின் வரலாறு, ராணி காலத்திலிருந்து இன்றுவரை. கம்பெனி எழுதியதல்ல. இங்கிலாந்தில் யாரோ ஒரு ரிட்டயர்டு மனிதர், வேறு வேலையில்லாமல், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பத்தி என்று தொகுத்து வைத்திருந்தார்.

"கலர் பிரிண்ட்டா, பிளாக் அண்ட் ஒயிட்டாக்கா?"

"மூழ்கினதெல்லாம் பிளாக் அண்ட் ஒயிட்டே போதும்."

வீட்டுக்கு வந்து, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாத்தனார் எதிரில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வரலாறு எழுதப்பட்ட விதம் எனக்குப் பழகிப்போக ஒரு மணி நேரம் ஆயிற்று. கப்பலை எங்கே கட்டினார்கள், முதன்முதலாகக் கடலில் இறக்கியபோது எந்தச் சீமாட்டி அதன் மேல் மது பாட்டிலை உடைத்தாள், முதல் வகுப்பில் பியானோ எத்தனை, சாப்பாட்டு அறைத் தூண்கள் என்ன மரம் எல்லாம் இருக்கும். பிறகு ஒரே வரியில் கதை முடியும். பனிமூட்டத்தில் பாறையில் மோதி முழு இழப்பு. துறைமுகத்தில் தீ. போரில் நீர்மூழ்கிக் குண்டு. உயிரிழந்தவர்கள், "சிலர்". பியானோவை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மனுஷரை எண்ணத் தெரியவில்லை. ஆனால் நான் கோபப்படவில்லை. டிசம்பரில் நாங்களும் பேப்பரில் "உள்ளிட்ட பகுதிகளில்" என்றுதான் வந்தோம். அந்த "உள்ளிட்ட"வுக்குள் எங்கள் ஊர் முழுக்க இருந்தது.

"இந்த ரெண்டும் சகோதரிக் கப்பல்கள், ஒரே அச்சுல கட்டினது. பெரியது பனியில் போச்சு. மூணு வருஷம் கழிச்சு சின்னது தீயில" என்று படித்தேன்.

நாத்தனார் கீரையைக் கீழே வைத்தாள். "அக்கா போன மூணாம் வருஷம் தங்கச்சியும் போனாளா? அந்த வீட்ல நான் சம்பந்தமே பண்ண மாட்டேன் அண்ணி."

"இது விற்கப்பட்டு, பெயர் மாற்றி, கிரேக்கர்களுக்கு ஓடியதுன்னு போட்டிருக்கு."

"ரெண்டாந்தாரம்."

"இது வயசாகி, குஜராத் கரையில உடைக்கப்பட்டதாம்."

"பாத்தியா. ஓடி ஓடி உழைச்சிட்டு, சாகறதுக்கு நம்ம நாட்டுக்கு அனுப்பிச்சிருக்கானுங்க. வயசானவங்கள வச்சுப் பாக்கற குடும்பம் இல்ல."

மகன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அத்தே, நடுக்கடல்ல இருந்தவங்களுக்கு அன்னிக்கு அலை வந்ததே தெரியலையாம். கப்பல்ல டீ கூட சிந்தலையாம்."

"யார் சொன்னது?" என்றேன்.

"இன்டர்வியூல."

"ஆள் எடுக்க வந்தவன் சிந்துச்சுன்னா சொல்லுவான்?"

அவன் உள்ளே போய்விட்டான். சிவப்புக் கோடு போட்ட காகிதங்களை நான் அவன் கண்ணில் படும்படி டிவி மேல் வைத்தேன். அவன் அதற்குக் கீழே ஓடிய கிரிக்கெட்டைப் பார்த்தான்.

இந்த இடத்தில், டிசம்பரில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். காலையில் கிரிக்கெட் ஆடக் கடற்கரைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு ஜனங்கள் கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, ஒரு பெண் நோட்டை வைத்துக்கொண்டு காணாதவர்கள் பெயரை எழுதினாள். நானே சொன்னேன். பெயர், வயது, இடது புருவத்தில் தழும்பு, நீலச் சட்டை. அவள் எழுதியதைச் சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எழுத்துப்பிழை இல்லை. நான் அதைக்கூடப் பார்த்தேன்.

சாயங்காலம் அவன் நடந்து வந்தான். கிரிக்கெட்டுக்கே போகவில்லை. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் புதுச்சேரிக்குச் சினிமா பார்க்கப் போயிருக்கிறான். பஸ் நின்றுபோனதால் ரோட்டோடு நடந்தே வந்தவன், கால் வீங்கி, முகாம் வாசலில் நின்றுகொண்டு, சினிமாவுக்குப் போனதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தான். நான் அறைந்தேன் என்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை.

பெயர் மட்டும் சுவரிலேயே இருந்தது. எடுக்கச் சொல்லிப் போனால், சேர்ப்பதற்குத்தான் தங்களிடம் ஆள் இருக்கிறது என்றார்கள். சுவரிலிருந்து நோட்டுக்கு, நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்கு என்று அவன் பெயர் அவனைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து ஏதோ ஒரு தொண்டு அமைப்பிலிருந்து ஃபார்மோடு ஒரு அம்மா வந்தார். கதவைத் திறந்தது அவன்தான்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு தம்பி?"

"நான்தாங்க அவரு."

அந்த அம்மா ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்குத் தன்னிடம் கட்டம் இல்லை என்று சொன்னார். அவன் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினான்.

அன்றிலிருந்து எனக்குப் பட்டியல் என்றால் பயம். அதே சமயம் பட்டியலைத் தவிர வேறு எதையும் நம்பவும் முடியவில்லை.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது அது கண்ணில் பட்டது. பனிமூட்டத்தில் பாறையில் மோதி முழு இழப்பு என்று எழுதியிருந்த அந்த மூத்த சகோதரி, நாலு பக்கம் தள்ளி, வேறொரு கப்பலின் பத்தியில் வந்தது. அந்த வேறொரு கப்பல் இயந்திரம் பழுதாகி நடுவழியில் நின்றபோது, நம் மூத்த சகோதரி போய்க் கயிறு கட்டித் துறைமுகத்துக்கு இழுத்து வந்ததாம். முழு இழப்புக்கு இரண்டு வருஷம் பிறகு.

நான் வருஷத்தை மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நாத்தனாரிடம் காட்டினேன்.

"பேயா இருக்கும்" என்றாள், யோசிக்காமல்.

மகன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தான். "தப்பா எழுதியிருப்பாங்க அத்தே."

"இவ்ளோ பெரிய கப்பலையாடா தப்பா எழுதுவாங்க?" என்றேன்.

"என்னையே எழுதினாங்களேம்மா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. தகவல் சொல்வது போலச் சொன்னான். ஆனால் நோட்டுக்காரப் பெண்ணுக்கு அவன் பெயரைச் சொன்னது யார் என்று அவனுக்கும் தெரியும்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிழை கண்டால் தெரிவிக்கவும் என்று பக்கத்தின் அடியில் அந்த இங்கிலாந்து மனிதர் இமெயில் முகவரி கொடுத்திருந்தார். லீவ் லெட்டர் எழுதுகிற முறையில், மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி எழுதினேன். இரண்டு பத்திகளும் ஒத்துப்போகவில்லை, எது சரி என்று தெரிவிக்கவும். கூடவே, நாத்தனார் வற்புறுத்தியதால், இந்தக் கப்பல் குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது குறை உண்டா, நாங்கள் பிள்ளையைக் கொடுக்க இருப்பதால் மறைக்காமல் சொல்லவும் என்றும் சேர்த்தேன். அனுப்பிவிட்டு வெட்கத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. மூத்த சகோதரி மூழ்கவில்லை. பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பயணிகளைப் படகில் இறக்கிய பிறகு, முழு இழப்பு என்று அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஆனால் பெரிய அலையேற்றம் வந்த நாளில் கப்பலை மெல்ல இழுத்து மிதக்க விட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் பல வருஷம் ஓடியிருக்கிறது. தான் அந்தப் பத்திரிகையைப் பார்த்து எழுதியதாகவும், இத்தனை வருஷத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை என்றும், உடனே திருத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். பரம்பரைக் குறை பற்றிய கேள்விக்கு, அம்மையீர், கப்பல்களுக்கு அது கிடையாது, கம்பெனி இயக்குநர்களுக்குத்தான் உண்டு என்று ஒரு வரி. முடிவில் ஒரு கேள்வி: இவ்வளவு சின்ன முரண்பாடு உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது?

ஊரில் விஷயம் பரவியது. வெள்ளைக்காரன் தப்பை ஒப்புக்கொண்டான் என்று டீக்கடையில் பேசினார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் பிரேயரில் சொன்னார். நாத்தனார் மட்டும் விசாரணையை முடிக்கவில்லை. "அக்கா சாகலைன்னா, தங்கச்சி மேலதான் தப்பு" என்றாள்.

நான் பிரிண்ட் எடுத்த பக்கத்தில், "முழு இழப்பு" என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். முகாம் சுவரில் இருந்த ஒரு பெயருக்கு நான் செய்ய நினைத்து, யாரையும் செய்யவைக்க முடியாமல் போன காரியம் அது. பிறகு பீரோவைத் திறந்தேன்.

பாஸ்போர்ட்டை மகனிடம் கொடுத்தபோது, அவன் நாப்தலின் வாசனை பிடித்துவிட்டுச் சிரித்தான். "சினிமாவுக்குப் போனா சொல்லிட்டுப் போ" என்றேன்.

"கப்பல்லயே தியேட்டர் இருக்குதும்மா."

ஆவணி இரண்டாம் நாள் சென்னை பஸ்ஸில் ஏறினான். கணவர் பாத்தியிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் போய், "சமையல்ல உப்பு பாத்துப் போடுப்பா" என்றார்.

இங்கிலாந்துக்காரர் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. என் ஆங்கிலத்துக்கு அது பெரிய வேலை. ஆனால் வாரம் ஒருமுறை பிரவுசிங் சென்டருக்குப் போய் அவருடைய பட்டியலைத் திறப்பேன். மகன் போயிருக்கும் கப்பலுக்கும் அதில் ஒரு பத்தி உண்டு. எங்கே கட்டினார்கள், யார் பாட்டில் உடைத்தார்கள், பியானோ எத்தனை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"பிரிண்ட் போடவாக்கா?" என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"வேணாம்மா. ஒண்ணும் எழுதலைன்னு பாத்துட்டுப் போறேன்."