கையில் ஊற்றிய தண்ணீர்

குடிக்கிற தண்ணீருக்கே ஊருணிக்கு நடக்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் எங்கள் வீட்டில் ‘கழுவு’ என்கிற சொல்லுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. மூஞ்சியைக் கழுவு, மீனைக் கழுவு, மாட்டைக் கழுவு. பங்காளி ஒருவரோடு பேச்சை முறித்தபோது அய்யா, அவரைக் கை கழுவியாச்சு என்றார். வேலை என்றதும் மாயமாகிவிடும் என்னை அம்மா, கழுவுற மீனில் நழுவுற மீன் என்பாள்.

அய்யாவின் தங்கையான என் அத்தையைப் பெண் பார்க்க உச்சிப்புளிப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்திருந்தார்கள். சம்பந்தம் பேசி முடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். முன்பு வந்த இரண்டு கூட்டமும் வெற்றிலை போட்டதோடு கிளம்பிவிட்டன. வைத்த பாயாசத்தை நாங்களே குடித்தோம். எனக்கு அதில் வருத்தமில்லை, அத்தைதான் தொடவில்லை.

இந்த முறை மாப்பிள்ளையும் வந்திருந்தார். அத்தை அடுப்படி ஜன்னலை விட்டு நகரவேயில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அய்யா, “ஊர்ல கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்” என்று எழுந்து, வெற்றிலையைத் துப்ப வாசலுக்கு வந்தார். வாய் கொப்பளிக்க நான் செம்பை நீட்டினேன். ஜன்னலிலிருந்து அத்தை மெதுவாகக் கூப்பிட்டாள்.

“ஏ புள்ள, அவுக கையில வண்டி மை அப்பியிருக்கு. கையிலயும் ஊத்து.”

ஊற்றினேன். பேச்சு நினைப்பில் இருந்த பெரியவர் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்தார். அப்புறம்தான் உறைத்தது போல நின்றுவிட்டார். அம்மா ஓடி வந்து என் தொடையில் கிள்ளினாள். உயிர் போய்விட்டது. அய்யா மட்டும் பதறவில்லை.

“கை கழுவிட்டீக. இலையப் போடச் சொல்லவா?”

பெரியவர் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

“கழுவுன கைய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போறது? போடச் சொல்லுங்க” என்றார் பெரியவர்.

அன்று எனக்கு இரண்டு கரண்டி பாயாசம் கூடுதலாக விழுந்தது. அதை ஊற்றியவள் அத்தை. எனக்கு அது இறங்கவில்லை. பெரியவர் கையில் மை ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாகத்தான் கீழே விழுந்தது. இந்த வயதிலேயே அத்தைக்குக் கண் மங்கிவிட்டதே, பாவம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, கல்யாணம் முடியும்வரை நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.