மணற்காட்டு முயலின் மீசை

தொண்ணூறுகளின் தொடக்கம். போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பிலிம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. பருத்தித்துறையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊர் விலங்குகள்’ என்று கண்காட்சி வைத்தோம். சுவரில் நான் ஒட்டிய படங்களில் கங்காரு இருந்தது, பனிக்கரடி இருந்தது, எங்கள் ஊருடையது மட்டும் ஒன்றுமில்லை. வெட்கமாகிவிட்டது. கமராவில் மிச்சமிருந்த பிலிமை நம்பி, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் முயல்கள் திரியும் கடற்கரை ஊரான மணற்காட்டுக்குப் புறப்பட்டேன்.

தூரம் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீற்றர். காலை ஐந்துக்கு வெளிக்கிட்டால் விடியும் நேரத்துக்குச் சேரலாம். கடைசிப் பகுதி மணல், சைக்கிளை உருட்டத்தான் வேண்டும். செலவு, சாப்பிடக் கட்டிக்கொண்ட பாணும் சம்பலும் மட்டுமே. கரையில் வலை காயவிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மறித்தார்.

“எங்கை தங்கச்சி போறியள்?”

“முயலைப் படம் எடுக்க, அண்ணை.”

“படமோ? கறிக்கெண்டால் விளங்கும்!” என்று சிரித்தவர், “காத்து உங்கடை முகத்திலை அடிக்கிற பக்கமா இருங்கோ. மணம் பிடிச்சால் ஓடியிடும்” என்றார்.

மணலில் குப்புறப் படுத்தேன். வெயில் ஏறத் தொடங்கியபோது தாழம்பற்றைக்குள்ளிருந்து முயல் வந்தது. முதலில் முதுகைத்தான் காட்டியது. கடைசிப் படத்துக்கு மட்டும் திரும்பி, மீசை விறைக்க என்னைப் பார்த்தது. அதோடு பிலிம் முடிந்தது.

பருத்தித்துறையில் அந்தோனி அண்ணையின் ஸ்ரூடியோ. கலியாணம், தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் புதுநன்மைச் சடங்குப் படங்களுக்குப் பேர்போனவர். படத்தைப் பெருப்பிக்கிற கருவிக்குள் சைக்கிள் லைற் பல்பு பூட்டியிருந்தார். இருட்டறை வாசலில் ஸ்ராண்ட் போட்ட சைக்கிளில் ஏறி, படம் கேட்டு வந்தவரே டைனமோவை மிதிக்க வேண்டும். கால் சோர்ந்தால் படமும் சோரும்! நான் மிதித்தேன். அவர் உள்ளே முயலை மட்டும் பெருப்பித்து, முகம் கறுத்துப்போகாமல் கையால் வெளிச்சத்தை மறைத்து மறைத்துத் தாளில் படத்தை இறக்கினார். காய்ந்ததும் மைத்தூரிகையால் ஏதோ செய்து, பெருமையோடு நீட்டினார்.

“கீறல் எல்லாம் எடுத்திட்டன், ரீச்சர்.”

முயலின் முகம் மழமழவென்றிருந்தது.

“ஐயோ அண்ணை, அது கீறல் இல்லை, மீசை!”

“கலியாணப் படத்திலை முகத்திலை வெள்ளைக்கோடு கிடந்தால் ஆர் விடுவினம்? கை பழகிப்போச்சு” என்று தலையைச் சொறிந்தார். மிச்சமிருந்தது ஒரேயொரு படத்தாள். அது அவருடைய மகள் மேரியின் புதுநன்மைப் படத்துக்கு வைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “விடுங்கோ அண்ணை” என்று எழும்பினேன்.

அவர் தாளோடு இருட்டறைக்குள் போனார். “பாதி முயலுக்கு, பாதி மேரிக்கு. வெட்டிப்போட்டன், ஏறுங்கோ சைக்கிளிலை” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அன்று மிதித்த மிதிக்கு யாழ்ப்பாணமே போய் வந்திருக்கலாம். மீசையோடு முயல் வந்தபோது சந்தோசத்தில் கத்திவிட்டேன். பிறகு மேரியின் படம். விழுந்தெழும்பின தழும்பொன்று அவள் முகத்தில், நாடியில் இருந்தது. அண்ணை பழக்கதோசத்தில் தூரிகையை எடுத்தார். பக்கத்தில் கிடந்த முயலைப் பார்த்தார். தூரிகையைக் கீழே வைத்தார்.

“கிடக்கட்டும். அதுவும் அவளின்ரைதானே.”

திங்கட்கிழமை பனிக்கரடியை இறக்கிவிட்டு முயலை ஒட்டினேன்.

போக இருப்பவர்களுக்கு: விடியலில் போங்கள், காற்று முகத்தில் அடிக்கட்டும், கடைசிப் படத்தை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து கணினியில் ஓரத்தை வெட்டுங்கள், வெளிச்சத்தைத் திருத்துங்கள். ஆனால் கீறலென்று எதையாவது அழிக்குமுன், அது மீசையா என்று ஒருதரம் பாருங்கள்.