திகதி போடாத கடிதம்

தேர்தல் முறையைத் திருத்தி, சபைகளில் நாலில் ஓர் இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டார்கள். அப்படித்தான் ஒரு கட்சி தன் பட்டியலிலிருந்து ஊர் அக்கா ஒருவரை எங்கள் பிரதேச சபைக்கு அனுப்பியது. புதுக்குடியிருப்புச் சந்தையில் கருவாடு விற்றவர். வாக்கெடுப்பு வந்தால், கையைத் தூக்குமுன் கட்சித் தலைவரின் முகத்தைப் பார்ப்பார்.

மாரி மழையில் வெள்ளம் பாயும் எங்கள் ஒழுங்கைப் பாதைக்கு மதகு கட்டும் பிரேரணையைக் கட்சி எதிர்த்தது. அவரும் எதிர்த்தார். பிரேரணை தோற்றது. பார்வையாளர் வாங்கில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் மறித்தேன்.

"அக்கா, மாரியில நீங்களும் அந்த வெள்ளத்துக்காலதானே வாறனீங்கள்? வாயில்லையோ?"

"வாய் இருக்கு தம்பி. கதிரை தரேக்க ராஜினாமாக் கடிதத்திலயும் கையெழுத்து வாங்கிட்டினம். திகதி மட்டும் போடேல்ல. மாறிக் கை தூக்கினா அவை போடுவினம்."

"அப்ப ஒரு பொம்மையை இருத்தியிருக்கலாமே."

அவர் சிரித்தார். "பொம்மை கை தூக்காது, தம்பி. அதாலதான் என்னை இருத்தினவை."

சில மாதங்களில் பிரேரணை மறுபடி வந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆதரித்துக் கை தூக்கினார். ஒரு வாக்கால் வென்றோம்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கதிரையில் வேறொரு பெண் இருந்தார். அவரும் கையைத் தூக்குமுன் தலைவரின் முகத்தைப் பார்த்தார். பெண்களின் எண்ணிக்கை குறையவில்லை. சட்டத்துக்கு அது போதும்.

இந்த மாரியில் நனையாமல் மதகைக் கடக்கிறேன். பொம்மை என்று சொன்ன வாய் என்னுடையது.