நான் எழுதாமல் விட்ட வாக்கியம்

அமெரிக்கப் பாடலாசிரியர்களில் யார் பெரியவர் என்று யாராவது பேச ஆரம்பித்தால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன். பெயர்கள் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் வயிறு எரியும்.

எழுபதுகளின் நடுவில் குவைத்தில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். மங்காஃபில் இரண்டு அறை வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம். ஊரில் மேன்ஷன் வாசியாக இருந்த காலத்தில் சம்பளத்தில் பாதியை மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் இசைத்தட்டுகளுக்கு அழுதவன் நான். மற்றவர்கள் பாடியவர் யார் என்று பார்ப்பார்கள். நான் தட்டின் நடுவில் பொடி எழுத்தில் இருக்கும் எழுதியவர் பெயரைத்தான் முதலில் படிப்பேன்.

எங்கள் மேனேஜர் அமெரிக்கர். ஒருநாள் டிக்டேஷன் நடுவே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அதை எழுதியவர் யார் என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்னை அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தார். அதன் பிறகு தினமும் டிக்டேஷன் முடிந்ததும் பத்து நிமிஷம் பாட்டுப் பேச்சு. மூக்கால் பாடும் ஒருவர்தான் அவருக்கு உச்சம். நாடகங்களுக்கு மெட்டும் வரியும் சேர்த்தே போட்ட பழைய ஆட்களை ஒதுக்குவது அநியாயம் என்று நான் மல்லுக்கு நிற்பேன். ஸ்டெனோவோடு சரிக்குச் சரி வாதாடுகிற துரை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு புதன்கிழமை அவர் சொன்னார்: "நாளை சாயங்காலம் என் வீட்டில் நண்பர்கள் கூடுகிறார்கள். யார் பெரிய பாடலாசிரியர் என்று தீர்த்துவிடப் போகிறோம். நீ இல்லாமல் நடக்காது, வந்துவிடு."

வீட்டுக்கு வா என்றால் நமக்கு என்ன அர்த்தம்? பெண்டாட்டியோடு போவதுதானே மரியாதை. வியாழக்கிழமை அவள் காலையிலிருந்து முறுக்குச் சுட்டாள். சாயங்காலம் முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டாள். எந்தப் பாட்டைச் சொல்லி யாரை மடக்குவது என்று டாக்ஸியில் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வெட்கக்கேடு.

கதவைத் திறந்த மேனேஜர் பட்டுப் புடவையையும் முறுக்கு டப்பாவையும் பார்த்து ஒரு நொடி விழித்தார். உள்ளே ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் சோபாக்களில் இருந்தார்கள். மூலையில் ஒரு நாற்காலி, அதன்மேல் சுருக்கெழுத்து நோட்டு, சீவி வைத்த மூன்று பென்சில்கள்.

"பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் எடுத்துக்கொள். எங்கள் அமெரிக்கர் கிளப்பின் மாத இதழில் போடப் போகிறோம்" என்றார். அவருடைய கோவாக்காரச் சமையல்காரர் என் மனைவியை அடுக்களைக்கு அழைத்துப் போனார். டப்பாவும் அவளோடு போனது.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். என் விசா கம்பெனி கையில் இருந்தது என்று பல வருஷம் எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குத் தைரியம் இல்லை, உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் எழுதினேன். பாடியவனையும் எழுதியவனையும் குழப்பிக்கொண்டு ஆளாளுக்கு அளந்தார்கள். நான் ஒத்திகை பார்த்த, அவரிடம் முன்பே சொல்லியிருந்த வாதங்களில் இரண்டை மேனேஜர் தன்னுடையவை போல எடுத்து விட்டார்; அவற்றையும் எழுதினேன். கடைசியில் தன் ஆளுக்காக எழுந்து நின்று ஒரு பாட்டைச் சொல்லி, இந்த ஒன்றை எழுதியதற்கே அவருக்கு முதலிடம் தரலாம் என்றார். அன்று டிக்டேஷன் நடுவே முணுமுணுத்த அதே பாட்டு. அந்த ஆள் அதைப் பாடினார், அவ்வளவுதான். எழுதியது வேறொருவர்; அதை அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன்.

என் பென்சில் நின்றது. "அதை அவர் எழுதவில்லை, சார்" என்றேன். எழுதியவர் பெயரையும் சொன்னேன்.

யாரோ சிரித்தார். மேனேஜருக்குக் கோபம்கூட வரவில்லை. நோட்டைக் காட்டி, "இதை எழுத வேண்டாம்" என்றார், டிக்டேஷனில் ஒரு வரியை அடித்துவிடச் சொல்லும் குரலில். பேச்சு தொடர்ந்தது. கைதூக்கி ஓட்டெடுத்தார்கள், அவர் ஆளே ஜெயித்தார்.

திரும்பும்போது டாக்ஸியில் அவள் மடியில் டப்பா திறக்காமலே இருந்தது. பட்டு கசங்கியிருந்தது.

"அடுக்களைக் கதவு தெறந்துதாங்க இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு" என்றாள். "நீங்க சொன்னது சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்ப எழுதியிருக்கலாமே. பென்சில் உங்க கையிலதான இருந்துச்சு."

சனிக்கிழமை காலை ஆபீஸில் டைப் அடித்தேன். பதினோரு பக்கம், ஒரு பிழை கிடையாது. என் வாக்கியம் வரவேண்டிய இடத்தில் விரல்கள் கொஞ்சம் நின்றன, பிறகு தாண்டிப் போயின. மேனேஜர் நின்றபடியே படித்து முடித்து என் தோளைத் தட்டினார்.

"பிரமாதம். ஒரு வார்த்தைகூட விடவில்லை" என்றார்.

"தேங்க் யூ, சார்" என்றேன்.